தாத்தாரியர் மேற்கே சென்றிருந்தால்? – ‘இப்படி நடந்திருந்தால்’ என்னும் புலம்பலுக்கு ஒரு மறுப்பு

 

சில காலமாக நம் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு வாதம் சுற்றி வருகிறது. சில மேடைகளிலும் அது ஒலிக்கக் கேட்கிறோம். அதன் சுருக்கம் இதுதான்: மங்கோலியப் படை 1242ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் நடுப்பகுதிவரை சென்று, அங்கிருந்து திரும்பிவிட்டது. 1258இல் அதே மங்கோலியர் பக்தாதை அழித்தனர். ஐரோப்பா தப்பியது, நாம் வீழ்ந்தோம். அந்தக் குதிரைகள் பக்தாதுக்கு வராமல் பாரிஸுக்கும் ரோமுக்கும் சென்றிருந்தால், இன்று உலகின் அறிவும் ஆட்சியும் நம் கையில் இருந்திருக்கும்.

கேட்பதற்கு இது இதமாக இருக்கிறது. நம்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று சொல்லும் எந்தக் கதையும் இதமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதை வீடுகளுக்குள் என்ன செய்கிறது என்பதைப் பார்த்த பிறகே இதை எழுதத் துணிந்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை நம்மிடம் கேட்டான்: “எல்லாம் எழுநூறு வருடங்களுக்கு முன்பே முடிந்துவிட்டதே, இனி நாம் படித்து என்ன ஆகப்போகிறது?” அவன் கேலி செய்யவில்லை. தான் கேட்ட பேச்சிலிருந்து நேர்மையாக ஒரு முடிவுக்கு வந்திருந்தான். அந்த முடிவுக்குப் பொறுப்பாளி அவன் இல்லை, அந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்களாகிய நாம்தான்.

எனவே இந்த வாதத்தை மார்க்கத்தின் அளவுகோலிலும் வரலாற்றின் அளவுகோலிலும் நிறுத்திப் பார்ப்போம்.

‘இருந்தால்’ என்னும் சொல்

பயனளிப்பதில் ஆர்வம் கொள்ளுமாறும், அல்லாஹ்விடம் உதவி தேடுமாறும், இயலாமையில் சோர்ந்துவிட வேண்டாம் என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நமக்குப் போதித்தார்கள். ஏதேனும் துன்பம் நேர்ந்துவிட்டால், ‘நான் அப்படிச் செய்திருந்தால்’ என்று புலம்ப வேண்டாம் என்றும், அந்தச் சொல் ஷைத்தானின் வேலைக்கு வாசலைத் திறந்துவிடும் என்றும் எச்சரித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

இதனால் வரலாற்றை ஆராய்வதே கூடாது என்று பொருளாகாது. பூமியில் சுற்றிப் பார்த்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று சிந்திக்குமாறு குர்ஆன் திரும்பத் திரும்ப ஏவுகிறது. படிப்பினைக்காகக் கேட்கும் ‘இருந்தால்’ வேறு, பழியைப் பிறர்மேல் இறக்கிவைப்பதற்காகக் கேட்கும் ‘இருந்தால்’ வேறு. முன்னது நம்மை வேலை செய்ய வைக்கும். பின்னது நம்மைத் திண்ணையில் உட்கார வைக்கும். நம் குழுமங்களில் சுற்றுவது பின்னதே.

உஹதுப் போருக்குப் பின், இது நமக்கு எப்படி நேர்ந்தது என்று நபித்தோழர்கள் திகைத்தபோது, அது உங்களிடமிருந்தே வந்தது என்னும் பதில் வானத்திலிருந்து இறங்கியது. ஆல இம்ரான் அத்தியாயத்தின் 165ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். எதிரே நின்ற குறைஷிகளின் வாளைப் பற்றி அங்கே பேச்சில்லை. நபித்தோழர்களுக்கே அந்தப் பதில் என்றால், நமக்கு அதைவிட மென்மையான பதில் தேவை என்று நாம் எந்த உரிமையில் எதிர்பார்க்கிறோம்?

ஐரோப்பா தப்பியதா?

முதலில் அடிப்படைச் செய்தியையே சரிபார்ப்போம். ஐரோப்பா முழுவதும் தப்பியது என்பது உண்மையன்று. 1240 டிசம்பரில் கீவ் நகரம் வீழ்ந்தது. ரஷ்ய நிலங்கள் அதன்பின் சுமார் 240 ஆண்டுகள் மங்கோலியர்க்குக் கப்பம் கட்டின. 1241 ஏப்ரல் 9 அன்று போலந்தின் லெக்னிட்ஸாவில் சிலேசியாவின் பிரபு இரண்டாம் ஹென்றி கொல்லப்பட்டார். இரண்டே நாள் கழித்து, மோஹி என்ற இடத்தில் ஹங்கேரியின் படை நொறுக்கப்பட்டது. மன்னர் நான்காம் பேலா அட்ரியாட்டிக் கடற்கரைவரை ஓடி ஒளிந்தார். பாத்து கானும் தளபதி சுபுதாயும் நடத்திய அந்தப் படையெடுப்பில் ஹங்கேரியின் சமவெளி ஊர்கள் பல வெறிச்சோடிப் போயின.

பிறகு அவர்கள் ஏன் திரும்பினார்கள்? 1241 டிசம்பரில் பெருங்கான் ஒகதாய் இறந்தார், அடுத்த கானைத் தேர்ந்தெடுக்க இளவரசர்கள் திரும்பினர் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. ஒவ்வொரு மங்கோலிய வீரனும் பல குதிரைகளை ஓட்டி வந்தான். அத்தனை குதிரைகளுக்கும் புல் வேண்டும். ஹங்கேரியின் சமவெளி மங்கோலியாவின் புல்வெளியைப் போல் எல்லையற்றதன்று. மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2016ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 1242ஆம் ஆண்டின் வசந்தகாலம் ஈரம் மிகுந்ததாக இருந்ததால் அந்நிலம் சேறாகி, மேய்ச்சலும் நகர்வும் கடினமாயின என்று கருதியது. கல்லால் கட்டிய கோட்டைகள் சிலவற்றை அவர்களால் பிடிக்கவும் இயலவில்லை. அவர்கள் 1285இல் மீண்டும் ஹங்கேரிக்குள் வந்தபோது தோற்றே திரும்பினர்.

ஆகவே, ‘காரணமின்றி விட்டுவிட்டார்கள்’ என்பது வரலாற்றறிவு இல்லாத பேச்சு. காரணங்கள் பல இருந்தன. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டத்திற்கு உட்பட்டே இயங்கின.

இன்னொன்றையும் கவனியுங்கள். மங்கோலியப் பேரரசின் வணிகப் பாதைகளின் வழியாகவே பின்னாளில் கொள்ளைநோய் பரவியது. 1347இல் அது ஐரோப்பாவை அடைந்து, அங்கு வாழ்ந்தோரில் மூன்றிலொரு பங்கினரையேனும் கொன்றது. கெய்ரோவும் திமிஷ்க்கும் அதே நோயில் துடித்தன. வாளுக்குத் தப்பிய ஐரோப்பா நோய்க்குத் தப்பவில்லை. ஒரு சமுதாயம் சோதனையே இல்லாமல் வளர்ந்தது, இன்னொன்று சோதனையாலேயே அழிந்தது என்று கோடு கிழிப்பதற்கு வரலாற்றில் இடமில்லை.

அதே கதவு நமக்கும் திறந்தது

ஒரு கானின் மரணம் ஐரோப்பாவைக் காப்பாற்றியது என்று பெருமூச்சு விடுவோர், அதே போன்ற மரணம் நம்மையும் காப்பாற்றியதை ஏன் சொல்வதில்லை?

1260ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹுலாகு ஹலபைப் பிடித்தான். சில வாரங்களில் திமிஷ்க்கும் பணிந்தது. அடுத்தது மிஸ்ர் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பின் ஹிஜாஸின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்த வேளையில், 1259 ஆகஸ்டில் சீனப் போர்க்களத்தில் பெருங்கான் மோங்கே இறந்துவிட்ட செய்தி வந்தது. ஹுலாகு தன் படையின் பெரும்பகுதியோடு கிழக்கே விலகினான். கித்புகா என்ற தளபதியின் கீழ் ஒரு சிறு பகுதியே ஷாமில் எஞ்சியது. அந்தப் படையைத்தான் ஹிஜ்ரி 658 ரமளான் பிறை 25இல், அதாவது 1260 செப்டம்பர் 3 அன்று, ஐன் ஜாலூத்தில் ஸுல்தான் குதுஸும் பைபர்ஸும் முறியடித்தனர்.

ஐன் ஜாலூத்தை நாம் வீரத்தின் வரலாறாகப் போற்றுகிறோம். அது சரியே. அவர்கள் துணிந்து புறப்படாதிருந்தால் கானின் மரணம் மட்டும் எதையும் செய்திருக்காது. ஆனால் அதே அளவுகோலை ஐரோப்பாவுக்கும் வைக்க வேண்டாமா? அவர்களுக்குக் கான் இறந்தால் அது வெறும் அதிர்ஷ்டம், நமக்குக் கான் இறந்தால் அது வீரத்தின் வெற்றி என்பது நீதியன்று. இரு பக்கமும் அவகாசம் கிடைத்தது. கிடைத்த அவகாசத்தை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதே அடுத்த நூற்றாண்டுகளின் கேள்வி.

வாசலைத் திறந்துவிட்டவர்கள்

மங்கோலியர் இயற்கைச் சீற்றம் போல் திடீரென்று நம்மேல் வந்து விழவில்லை. 1218இல் செங்கிஸ்கானின் பகுதியிலிருந்து வந்த சுமார் 450 வணிகர்கள் உத்ரார் நகரில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். கொன்றவர் குவாரஸ்ம் ஷா முஹம்மதின் ஆளுநர். நியாயம் கேட்டு வந்த தூதரையும் ஷா கொன்றார். வணிகனின் உயிரும் தூதனின் உயிரும் நம் மார்க்கத்தில் எவ்வளவு கண்ணியமானவை என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அதற்கு முந்தைய ஆண்டிலோ, அதே ஷா பக்தாதின் கலீஃபாவுக்கு எதிராகவே படை நடத்திப் புறப்பட்டு, மலைப்பனியில் சிக்கித் திரும்பியிருந்தார். 1220இல் புகாராவும் ஸமர்கந்தும் எரிந்தபோது அவர் ஊர் ஊராக ஓடி, காஸ்பியன் கடலின் ஒரு தீவில் உயிர்விட்டார்.

பக்தாதின் நிலையும் இதுதான். ஹுலாகுவின் முற்றுகைக்கு முந்தைய ஆண்டுகளில் அந்நகரம் ஷீஆ, ஸுன்னி கலவரங்களால் தனக்குள்ளே பிளந்து கிடந்தது. கலீஃபா முஸ்தஃஸிம் படையையும் பேணவில்லை, பேச்சுவார்த்தையையும் ஒழுங்காக நடத்தவில்லை. முற்றுகையிட்ட படையில் மங்கோலியரும் ஜார்ஜிய, ஆர்மீனியக் கிறித்தவரும் மட்டும் இருக்கவில்லை. மூஸிலின் ஆட்சியாளர் பத்ருத்தீன் லுஃலுஃ ஹுலாகுவுக்கு உதவினார். ஃபார்ஸின் முஸ்லிம் ஆட்சியாளரும் படை அனுப்பினார்.

மேற்கே திரும்பினால் அங்கும் இதே காட்சி. குர்துபா 1236இல் வீழ்ந்தது, இஷ்பீலியா 1248இல் வீழ்ந்தது. அங்கே ஒரு மங்கோலியனும் இல்லை. இஷ்பீலியாவை முற்றுகையிட்ட கஸ்தீலிய மன்னனுக்குத் துணையாகக் குதிரைப்படையோடு நின்றவர் கர்னாத்தாவின் முஸ்லிம் ஆட்சியாளர் இப்னுல் அஹ்மர். ஹுலாகு பிறக்காமலே இருந்திருந்தாலும் அந்தலுஸின் கதை மாறியிருக்குமா என்று நம் காணொளிக்காரர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும். மங்கோலியர் பாரிஸ்வரை சென்றிருந்தால் பிரெனே மலைக்கு இப்பால் நின்று நமக்கு ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பார்கள் என்று நினைக்கவும் காரணம் எதுவும் இல்லை.

பக்தாதோடு அறிவு அணைந்ததா?

இதுவே அந்த வாதத்தின் இதயம். டிஜ்லா நதி நூல்களின் மையால் கறுத்து ஓடியது, அன்றோடு நம் அறிவு முடிந்தது என்கிறார்கள்.

பக்தாதில் நடந்தது பேரழிவு. அதைச் சிறிதாக்குவது நம் நோக்கமன்று. பல்லாயிரம் உயிர்கள் போயின. நூலகங்கள் சூறையாடப்பட்டன. குராஸானிலும் இராக்கிலும் வாய்க்கால்களும் பாசன அமைப்புகளும் சிதைந்து, மர்வ், நைஸாபூர் போன்ற நகரங்கள் பழைய நிலையை எட்டவே இல்லை. அந்த இழப்பு உண்மையானது.

ஆனால் அன்றோடு முடிந்தது என்பது பொய். அந்தப் பொய்யை மறுப்பதற்கு ஒரு சிறுவனின் வாழ்க்கையே போதும்.

பக்தாத் வீழ்ந்தபோது இப்னுல் ஃபுவத்திக்குச் சுமார் பதினான்கு வயது. மங்கோலியர் அவரைச் சிறைபிடித்துக் கொண்டுசென்றனர். சில ஆண்டுகளுக்குப் பின் அறிஞர் நஸீருத்தீன் தூஸி அவரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார். மராகாவில் 1259இல் தொடங்கப்பட்ட வானாய்வுக் கூடத்தின் நூலகம் அவர் பொறுப்பில் வந்தது. பக்தாதிலும் பிற ஊர்களிலும் தப்பிய நூல்கள் பல அங்கே திரட்டப்பட்டிருந்தன. பின்னர் அவர் பக்தாதுக்கே திரும்பி, முஸ்தன்ஸிரிய்யா மதரஸாவின் நூலகத்திற்குப் பொறுப்பேற்றார். அறிஞர்களின் வரலாறுகளைத் தொகுத்து எழுதினார். ஊரையும் உறவையும் இழந்து கைதியான ஒரு பிள்ளை, தன் ஊரின் நூல்களுக்கே காவலராகத் திரும்பி வந்தார். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பக்தாத் கதை இது. இதை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்?

அந்த மதரஸாவும் மூடப்பட்டுவிடவில்லை. 1327இல் பக்தாதுக்கு வந்த இப்னு பதூதா, முஸ்தன்ஸிரிய்யாவில் நான்கு மத்ஹபுகளுக்கும் பாடம் நடப்பதைக் கண்டு எழுதினார். அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.

இன்னும் சொல்கிறோம். நுரையீரல் வழியாக இரத்தம் சுற்றுவதை விளக்கிய இப்னுன் நஃபீஸ் 1288வரை கெய்ரோவில் வாழ்ந்தார். வானவில் எப்படித் தோன்றுகிறது என்பதைக் கண்ணாடிக் கோளத்தில் நீர் நிரப்பிச் சோதித்து விளக்கிய கமாலுத்தீன் ஃபாரிஸி, மங்கோலிய ஆட்சியிலிருந்த ஈரானில் வாழ்ந்தவர். திமிஷ்க்கின் உமய்யாப் பள்ளியில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பணியிலிருந்த இப்னுஷ் ஷாத்திர் 1375இல் மறைந்தார். அவர் வகுத்த சந்திர இயக்கக் கணக்கும் பின்னாளில் கோப்பர்னிகஸ் தந்த கணக்கும் ஒன்றாக இருப்பதை ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸமர்கந்தில் உலுக் பேக் பெரும் வானாய்வுக் கூடத்தைக் கட்டினார். அவருடைய முன்னோர் வழி எந்தக் குலத்தில் போய்ச் சேர்கிறது என்பதை நாம் அறிவோம். பதினாறாம் நூற்றாண்டில் உஸ்மானியர், ஸஃபவியர், முகலாயர் என்னும் மூன்று பேரரசுகள் உலகின் வலிமை மிக்க ஆட்சிகளுள் இருந்தன. பக்தாத் வீழ்ந்து அப்போது இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

அப்படியென்றால் பின்னடைவு எப்போது, எப்படி வந்தது? ஒரே காரணம் சொல்ல இயலாது. ஆயினும் இரண்டு செய்திகளைச் சிந்தனைக்கு வைக்கிறோம். 1577இல் இஸ்தான்புல்லில் தகிய்யுத்தீன் என்ற அறிஞருக்காக ஒரு வானாய்வுக் கூடம் கட்டப்பட்டது. ஐரோப்பாவில் டைக்கோ பிராஹியின் கூடம் எழுந்த அதே காலம் அது. 1580இல் ஸுல்தானின் ஆணைப்படியே அது இடித்துத் தள்ளப்பட்டது. இடித்தவன் ஹுலாகு அல்லன். குட்டன்பெர்க் அச்சுக்கூடத்தை நடத்தியது சுமார் 1450இல். இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முதஃபர்ரிகா அச்சுக்கூடம் நடத்த அனுமதி பெற்றது 1727இல், முதல் நூல் வெளிவந்தது 1729இல். அந்த இடைவெளிக்கு எந்தக் குதிரைப்படையும் காரணமன்று.

மங்கோலிய ஆட்சிக்கு உட்பட்டாலே ஒரு நாடு நிரந்தரமாக வீழும் என்றால், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கப்பம் கட்டிய ரஷ்யா பெருவல்லரசானது எப்படி? 1279இல் முழுவதும் அவர்கள் கைக்குள் போன சீனம், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் உலகின் மிகப் பெரிய கப்பற்படையை இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பியது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு அந்த வாதத்திடம் பதில் இல்லை.

பிறர் வீடு எரிய வேண்டும் என்ற ஆசை

வரலாற்றுப் பிழையைவிட நம்மை வருத்துவது இந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கும் ஆசை. நம் நகரம் எரிந்தது, அவர்கள் நகரமும் எரிந்திருக்க வேண்டும் என்பதுதானே அதன் உட்பொருள்? பக்தாதின் குழந்தைகளுக்காக அழுகின்ற நாம், பாரிஸின் குழந்தைகள் கொல்லப்படவில்லையே என்று ஏங்கலாமா? ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வதற்கு ஒப்பு என்னும் குர்ஆனின் போதனையை ஓதும் நாவு இந்த ஏக்கத்தை எப்படிப் பேசும்?

இன்னொரு வகையிலும் அந்த ஆசை அறியாமை. 1240களின் பாரிஸில் மாணவர்கள் என்ன படித்துக்கொண்டிருந்தார்கள் தெரியுமா? இப்னு ருஷ்தின் விளக்கவுரைகளை, இப்னு ஸீனாவின் நூல்களை, தொலைதோவிலும் சிசிலியிலும் அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்ட ஏடுகளை. பாரிஸ் எரிந்திருந்தால் அதில் நம் முன்னோரின் உழைப்பும் எரிந்திருக்கும். இப்னு ருஷ்தின் சில நூல்கள் அரபி மூலம் தொலைந்து, ஹீப்ரு, லத்தீன் மொழிபெயர்ப்புகளிலேயே இன்று எஞ்சியிருக்கின்றன. தப்பிய ஊர் எதுவாயினும், அறிவு எங்கே தப்பினாலும், அதற்காக அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்வதே முஸ்லிமின் பண்பு.

யாரும் கற்பனை செய்யாதது நடந்தது

கற்பனை வரலாறு எழுத விரும்புவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 1258இல் பக்தாதின் சாம்பலில் நின்ற ஒருவரிடம், ‘இன்னும் நாற்பது ஆண்டுக்குள் இந்தக் கொலைகாரனின் பேரன் வழிவந்தவன் கலிமா சொல்வான்’ என்று கூறியிருந்தால் நம்பியிருப்பாரா? 1295இல் ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கஸான் இஸ்லாத்தை ஏற்றான். அதற்கு முன்பே, பாத்துவின் தம்பி பெர்கே இஸ்லாத்தைத் தழுவி, கலீஃபாவின் கொலையால் சினமுற்று 1262இல் ஹுலாகுவோடு போரிட்டார். பின்னர் உஸ்பெக் கானின் காலத்தில் அந்தக் கிளை முழுவதும் முஸ்லிம் ஆட்சியாயிற்று.

கஸான் இஸ்லாத்தை ஏற்ற உடனே எல்லாம் நேராகிவிடவில்லை. 1299இல் அவனே ஷாமின்மீது படையெடுத்தான். இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் அவன் முன் சென்று துணிந்து பேசினார்கள். ஈமான் ஒரு குலத்துக்குள் வேரூன்றத் தலைமுறைகள் ஆகும். ஆனால் வேர் ஊன்றியது. ஊன்றியவர்கள் யார்? தளபதிகள் இல்லை. புகாராவின் ஸைஃபுத்தீன் பாகர்ஸியைப் போன்ற இறைநேசர்கள், ஊர் ஊராகச் சென்ற வணிகர்கள், எழுத்தர்கள், மருத்துவர்கள், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட கைவினைஞர்கள், கூடாரங்களுக்குள் மருமகள்களாகச் சென்ற பெண்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. தோற்ற சமுதாயத்தின் தொழுகையையும் நேர்மையையும் கண்டு, வென்றவர்கள் அதன் மார்க்கத்தை ஏற்றார்கள்.

நம் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. பக்தாத் வீழ்ந்த பிறகான பத்தாண்டுகளில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகம் வாடிவிடவில்லை, செழித்தது. பாரசீக வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்தும் ஹுர்முஸிலிருந்தும் குதிரைகள் வந்திறங்கின. கிஷ் தீவின் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த தகிய்யுத்தீன் பாண்டிய மன்னனின் அமைச்சராக இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். அந்த மனிதர்கள், ‘எல்லாம் முடிந்தது’ என்று கரையில் உட்கார்ந்திருக்கவில்லை. பாய் விரித்தார்கள், வாக்கைக் காப்பாற்றினார்கள், பள்ளி கட்டினார்கள்.

புகாராவில் பிறந்த ஸையித் அஜல் ஷம்ஸுத்தீன் மங்கோலியரின் ஆட்சியில் 1274இல் சீனத்தின் யுன்னான் மாநிலத்துக்கு ஆளுநரானார். அவருடைய வழித்தோன்றலே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ என்பர். இலங்கையின் காலியில் கிடைத்த, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் செங் ஹோவின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளது. எரிந்த புகாராவின் ஒரு குடும்பக்கிளை, இருநூறு ஆண்டுக்குள் தமிழ் எழுத்து பொறித்த கல்லோடு நம் கடலுக்கு வந்து சேர்ந்தது. எந்தக் கற்பனைக் கதையாசிரியன் இதை எழுதியிருப்பான்?

நம் வீடுகளுக்கு வருவோம்

தங்கள் உள்ளத்தில் உள்ளதைத் தாங்களே மாற்றிக்கொள்ளாத வரை ஒரு சமூகத்தின் நிலையை அல்லாஹ் மாற்றுவதில்லை என்னும் போதனையை நாம் திருமண மேடையிலும் கேட்கிறோம், ஆண்டு விழாவிலும் கேட்கிறோம். அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பி, ஹுலாகுவைத் திட்டும் காணொளியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறோம்.

டிஜ்லாவில் மூழ்கிய நூல்களுக்காகக் கண்ணீர் விடும் வீட்டில் எத்தனை நூல்கள் இருக்கின்றன? முஸ்ஹஃபைத் தவிர, பிள்ளை கை நீட்டி எடுக்கத்தக்க உயரத்தில் ஒரு புத்தக அலமாரி இருக்கிறதா? நம் ஜமாஅத்துகளில் மண்டபத்துக்குச் செலவிடும் தொகையில் நூலகத்துக்கு எவ்வளவு? நம் பெண்பிள்ளை அறிவியலில் நல்ல மதிப்பெண் பெற்றால் மேலே படிக்க வைக்கிறோமா, ‘போதும்’ என்று நிறுத்துகிறோமா? ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல் நிர்வாகங்கள் பெருநாள் பிறைக்காக ஆண்டுதோறும் சண்டையிடும்போது, ஷீஆ, ஸுன்னி கலவரத்தில் பிளந்த பக்தாதைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி?

இவற்றில் எதையும் எந்த மங்கோலியனும் நமக்குச் செய்யவில்லை. இவற்றை மாற்ற எந்தக் கானின் மரணத்துக்கும் நாம் காத்திருக்கத் தேவையில்லை.

நம்மிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளைக்கு நாம் இப்னுல் ஃபுவத்தியைப் பற்றிச் சொன்னோம். பதினான்கு வயதில் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றக்கூடிய இடத்தில் நின்ற ஒருவர், அதன்பின் அறுபதாண்டுகளுக்கும் மேல் நூல்களோடு வாழ்ந்தார் என்று சொன்னோம். அவன் சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “இவரைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவே இல்லையே” என்றான்.

அந்தச் சொல் நம்மைக் குத்தியது. பெற்றோர்களே, உஸ்தாதுமார்களே, இனியாவது சொல்வோம். இழந்ததைச் சொல்லும்போது, இழந்தபின் எழுந்தவர்களையும் சேர்த்துச் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நம்மைப் பழி தேடும் கூட்டத்திலிருந்து காத்து, பயனுள்ள கல்வியைத் தேடும் கூட்டத்தில் சேர்ப்பானாக! நம் பிள்ளைகளின் உள்ளங்களில் நம்பிக்கையை நிலைபெறச் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.